ரூட் லாகரில் மாட்டிய வடிகட்டி பாதி வரிகளைத்தான் பிடிக்கிறது, ஏன்?

செக்கிங்மேசை (ஞாயிறு, காலை 9:10)

வணக்கம். திருப்பூரில் 11 ஆண்டுகள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றவன் நான். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பீஸைப் புரட்டிப் புரட்டியே பாதிக் கண் போனது. இப்போது பைத்தானில் வாரச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். நானும் ஒரு தம்பியும், இரண்டே பேர். கல்லூரியில் படித்து வந்தவன் அல்ல என்பதால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை சம்பளம் போட்டதும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்த வாரம் எத்தனை ஷிப்ட், முன்பணப் பிடித்தம் எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று ஓர் எஸ்எம்எஸ் போகும். மூன்று யூனிட்டுகள் எங்கள் வாடிக்கையாளர்கள். மூன்றும் ஒரே சர்வரில் ஓடுகின்றன, லாக் கோப்பும் (நிரல் என்ன செய்தது என்று வரி வரியாக எழுதிவைக்கும் பதிவேடு) ஒன்றுதான். அது தப்பு என்று இப்போது தெரிகிறது, திட்ட வேண்டாம்.

சென்ற வாரம் ஒரு யூனிட்டில் 40 பேருக்கு எஸ்எம்எஸ் போகவில்லை. அந்த யூனிட்டின் கணக்கர் ஆதாரம் கேட்டார். அன்றைய லாக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அழைத்தார். "ஏனப்பா, இதில் பக்கத்து யூனிட் டெய்லர்களின் செல் நம்பரெல்லாம் இருக்கிறதே?" என்றார். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கைத்திறமையுள்ள ஓவர்லாக் டெய்லர் ஒருவரின் நம்பர் சிக்கினால் போதும், பீஸ் ரேட்டைச் சற்றுக் கூட்டிச் சொல்லித் திங்கட்கிழமையே அழைத்துப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கர் நல்ல மனிதர் என்பதால் என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இரண்டு வாடிக்கையாளர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள்.

நேற்று இரவு நம்பரை மறைக்க உட்கார்ந்தேன். பைத்தானின் லாகிங் தொகுப்பில் ஃபில்டர், அதாவது வடிகட்டி, என்று ஒன்று இருப்பதைப் படித்து, ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதினேன். 10 இலக்க எண் கண்ணில் பட்டால் கடைசி 4 இலக்கத்தை விட்டுவிட்டு மீதியை நட்சத்திரக் குறியாக்கும். லாக் வரிகளை வாங்கிக்கொள்வது லாகர், அவற்றுக்கெல்லாம் தலை ரூட் லாகர். வடிகட்டியை அந்த ரூட்டில் மாட்டினேன். எல்லா லாகர்களும் ரூட்டின் கீழ்தானே இருக்கின்றன, தலையில் ஊற்றினால் கால்வரை இறங்காதா என்று நினைத்தேன்.

முதல் தடவை ஃபங்ஷனின் முடிவில் ட்ரூ என்று திருப்பியனுப்ப மறந்துவிட்டேன். மெயின் கோப்பிலிருந்து நான் எழுதும் வரிகள் ஒன்றுகூட லாகில் வரவில்லை. தம்பி எழுதிய அனுப்பும் பகுதியின் வரிகள் மட்டும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. ட்ரூவைச் சேர்த்ததும் என் வரிகள் திரும்பி வந்தன, நம்பர்களும் மறைந்திருந்தன. வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

காலையில் தேநீரோடு கோப்பைத் திறந்தால், மறைந்திருப்பவை என் வரிகளில் உள்ள நம்பர்கள் மட்டுமே. இரண்டு இடங்களில் முழு நம்பர் பளிச்சென்று நிற்கிறது. ஒன்று, தம்பியின் பகுதி. அவன் மாட்யூலின் பெயரிலேயே தனி லாகர் எடுத்து எழுதுகிறான். நான் லாகிங் டாட் இன்ஃபோ என்று நேராக எழுதுகிறேன். இன்னொன்று நாங்கள் எழுதாதவை. யுஆர்எல்லிப்3 கனெக்‌ஷன்பூல் என்ற பெயரில் (நாங்கள் அனுப்பப் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸின் உள்ளே இருக்கும் தொகுப்பு), டீபக் என்ற மிக நுணுக்கமான மட்டத்தில், எஸ்எம்எஸ்ஸை அனுப்பித் தரும் சேவையான கேட்வேக்குப் போன முகவரி முழுவதும் அச்சாகியிருக்கிறது. கேள்விக்குறிக்குப் பிறகு செல் நம்பர், அதன்பின் சம்பளத் தொகை.

உபுண்டு 22.04, அதோடு வந்த பைத்தான் 3.10. ரூட்டின் மட்டம் டீபக். ரூட்டில் இரண்டு ஹேண்ட்லர்கள் (வரியைக் கொண்டுபோய் எழுதுபவை), ஒன்று கோப்புக்கு, ஒன்று திரைக்கு. ரிக்வெஸ்ட்ஸ் தொகுப்பு வழியாக அனுப்புகிறோம்.

தலையில் மாட்டிய வடிகட்டி கீழே ஏன் இறங்கவில்லை? ஒவ்வொரு லாகரிலும் தனித்தனியாக மாட்ட வேண்டும் என்றால், யுஆர்எல்லிப்3 உள்ளுக்குள் எத்தனை லாகர் வைத்திருக்கிறது என்று நான் எங்கே போய் எண்ணுவது?

---

இரவுப்பணி (ஞாயிறு, காலை 9:32)

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ட்ரூ திருப்ப மறந்த இரவில் உங்கள் வரிகள் மட்டும்தான் காணாமல் போயின. வடிகட்டியின் கைக்கு வந்தவை அவை மட்டுமே என்று பொருள்.

ரூட் லாகரிலிருந்து கழற்றி இரண்டு ஹேண்ட்லர்களிலும் மாட்டுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதன் வழியாக ஒழுகும்.

---

ஜாவாவழிவந்தவன் (ஞாயிறு, காலை 10:15)

மேலே சொன்னது சரி. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு உருவில் இதே பள்ளத்தில் விழுவீர்கள். நான் விழுந்தேன்.

ஒரு லாகரிடம் இன்ஃபோ என்று ஒரு வரியைக் கொடுத்தால், அது முதலில் தன் மட்டத்தைப் பார்க்கும். பிறகு ஒரு ரெக்கார்டை உருவாக்கி, தன்னிடம் மாட்டியிருக்கும் வடிகட்டிகளிடம் காட்டும். கடந்துவிட்டால் தன் ஹேண்ட்லர்களிடம் கொடுக்கும். அதற்குப் பிறகு மேலே ஏறிப் பெற்றோர் லாகரின் ஹேண்ட்லர்களிடம் கொடுக்கும், பிறகு பாட்டனாரின் ஹேண்ட்லர்களிடம், இப்படியே ரூட் வரை. கவனியுங்கள்: ஏறிப்போகும் ரெக்கார்ட் மேலே உள்ள லாகரிடம் போவதே இல்லை, அதன் ஹேண்ட்லரிடம் நேராகப் போகிறது. மேல் லாகரின் வடிகட்டியும் பார்க்காது, மேல் லாகரின் மட்டமும் பார்க்காது. ஹேண்ட்லரின் மட்டமும் ஹேண்ட்லரின் வடிகட்டியும் மட்டும்தான் குறுக்கே நிற்கும். பைத்தானின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது, ஆனால் அடிபட்ட பிறகுதான் அந்தப் பத்தி கண்ணில் படும்.

மட்டத்துக்கும் இதே கதைதான். ரூட்டை வார்னிங் (30) என்று வைத்துவிட்டு, ஒரு குட்டி லாகரை மட்டும் டீபக் (10) என்று வைத்தால், அந்தக் குட்டியின் டீபக் வரிகள் ரூட்டின் ஹேண்ட்லர் வழியாகத் தாராளமாகக் கோப்பில் விழும். ரூட்டின் 30 அவற்றைத் தடுக்காது. குட்டிக்கு மட்டமே வைக்காமல் விட்டால்தான் மேலே தேடிப்போய் ரூட்டின் மட்டத்தைக் கடன் வாங்கும். யுஆர்எல்லிப்3 உங்களுக்குச் செய்தது அதுதான். ரூட்டை நீங்கள் டீபக்கில் வைத்தீர்கள், அது வாய் திறந்தது.

நான் பல ஆண்டுகள் ஜாவாவில் லாக்பேக் என்ற லாக் தொகுப்போடு வாழ்ந்தவன். அங்கே இந்தக் குழப்பம் வர வழியே இல்லை, ஏனென்றால் லாகரில் வடிகட்டி மாட்ட இடமே வைக்கவில்லை. சாதாரண வடிகட்டி அப்பெண்டரில், அதாவது இங்குள்ள ஹேண்ட்லரில். டர்போ வடிகட்டி என்று ஒன்று உண்டு, அது மொத்தச் சூழலுக்கும் பொதுவாக வாசலிலேயே நின்று, நிகழ்வு உருவாகும் முன்பே பார்த்துவிடும். நீங்கள் ரூட்டில் மாட்டும்போது மனதில் நினைத்தது அந்த டர்போவைத்தான். பைத்தானில் அப்படி ஒன்று தயாராக இல்லை. பதிலிலும் வேறுபாடு உண்டு. லாக்பேக்கின் வடிகட்டி மறுக்கிறேன், ஏற்கிறேன், எனக்குக் கருத்தில்லை அடுத்தவரைக் கேள் என்று மூன்று விதமாகச் சொல்லலாம். உங்கள் 3.10 பைத்தானில் உண்டு, இல்லை என்ற இரண்டுதான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது.

பைத்தானின் லாகிங்கை எழுதியவர் வினய் சாஜிப். 2003-இல் வந்த பைத்தான் 2.3-இல் சேர்ந்தது. ஜாவாவின் லாக்4ஜே-யைப் பார்த்துச் செய்ததால்தான் ஃபங்ஷன்களின் பெயர்கள்கூட ஜாவாப் பாணியில் இருக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் சொந்த ஊர்க்காரரை வெளியூர் பஸ் நிலையத்தில் பார்த்ததுபோல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில தொகுப்புகள் தங்கள் லாகரிலேயே ஹேண்ட்லரை மாட்டி, மேலே ஏறுவதையும் நிறுத்திவிடும். யூவிகார்ன் என்ற வலைச் சர்வரின் அக்செஸ் லாக் இயல்பாகவே அப்படித்தான். அப்படி எதையாவது பின்னால் சேர்த்தால் ரூட்டின் ஹேண்ட்லரில் மாட்டிய வடிகட்டிக்கு அந்த வரிகள் வரவே வராது.

---

செக்கிங்மேசை (ஞாயிறு, மாலை 4:50)

ஐயா, இப்போது புரிந்துவிட்டது. எங்கள் ஊர் மொழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது. பெரிய கம்பெனி கட்டிங்கை ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும். ஜாப் ஒர்க் யூனிட்டில் தைத்த பீஸ் வண்டியில் ஏறி நேராகப் பெரிய கம்பெனியின் பேக்கிங் வாசலுக்கு வரும். பெரிய கம்பெனியின் தையல் லைனுக்குப் பக்கத்தில் ஒரு செக்கிங் மேசை இருக்கும். அது அந்த லைனில் தைத்ததை மட்டும்தான் பார்க்கும். நான் மேசையை லைனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியிலிருந்து வந்த பீஸில் கறை இருக்கிறதே என்று கேட்டிருக்கிறேன். மேசை பேக்கிங் வாசலில் அல்லவா இருக்க வேண்டும். 11 ஆண்டுகள் அந்த மேசையில் நின்றவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்.

இரண்டு ஹேண்ட்லர்களிலும் மாட்டினேன். பாதி வெற்றி. ட்ரூ மறந்து பார்த்தபோது இந்த முறை எல்லா வரிகளும் வராமல் நின்றுபோயின (வேண்டுமென்றே செய்தேன், சோதனைக்கு). ஆகவே எல்லாம் மேசைக்கு வருகின்றன. ஆனால் தம்பியின் வரிகளிலும் யுஆர்எல்லிப்3 வரிகளிலும் நம்பர் இன்னும் மறையவில்லை! என் ஃபங்ஷன் ரெக்கார்டின் எம்எஸ்ஜி என்ற பண்பை எடுத்துத் தேடுகிறது. அச்சிட்டுப் பார்த்தால், யுஆர்எல்லிப்3-இன் எம்எஸ்ஜி-யில் நம்பரே இல்லை. வெறும் சதவீதக் குறியும் எஸ்ஸும் வரிசையாக இருக்கின்றன.

பிறகு கெட்மெசேஜ் என்பதைக் கூப்பிட்டு, வந்த முழு வரியை மறைத்து எம்எஸ்ஜி-யில் திரும்ப வைத்தேன். அவ்வளவுதான், திரை முழுவதும் லாகிங் எரர் என்று கோடு போட்டுக் கத்த ஆரம்பித்தது. எல்லா ஆர்க்யுமென்ட்டும் மாற்றப்படவில்லை என்பதுபோல் ஏதோ சொல்கிறது. கழற்றிவிட்டேன்.

இன்னொரு சிக்கல். கணக்கர்கள் சிலருக்கு முழு நம்பர் வேண்டுமாம். "எனக்கு எஸ்எம்எஸ் வரவில்லை" என்று தொழிலாளி வந்து நின்றால் எந்த நம்பருக்குப் போனது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு கோப்பில் முழு நம்பர் (சர்வரை விட்டு வெளியே போகாது), இன்னொன்றில் மறைத்த நம்பர் (மின்னஞ்சலில் அனுப்பத்தக்கது) என்று வைக்க முடியுமா?

---

பழையபாம்பு (ஞாயிறு, இரவு 8:05)

செக்கிங்மேசை அவர்களே, பேக்கிங் வாசல் உவமை அருமை. என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லத் திருடிக்கொள்கிறேன்.

ரெக்கார்டில் எம்எஸ்ஜி என்பது அச்சுவார்ப்பு மட்டும். அதில் இட வேண்டிய மதிப்புகள் ஆர்க்ஸ் என்ற தனிப் பண்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து முழு வரியாக்குவதுதான் கெட்மெசேஜ். நீங்கள் எஃப்-ஸ்ட்ரிங்கில் எழுதுபவர் போலும். உங்கள் வரி வரும்போதே முழுதாகத் தைக்கப்பட்டு வந்துவிடுகிறது. தம்பி வார்ப்பையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுக்கிறார், யுஆர்எல்லிப்3-உம் அப்படித்தான். (தம்பி செய்வதே நல்ல வழக்கம். அந்த மட்டம் அணைந்திருந்தால் வரியைத் தைக்கும் வேலையே நடக்காது.)

முழு வரியை எம்எஸ்ஜி-யில் வைத்தால் ஆர்க்ஸைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்ட்லர் பின்னர் மறுபடி தைக்கப் பார்க்கும், மதிப்பு இருக்கும், இட ஓட்டை இருக்காது, கத்தும். காலியாக இருந்தால் அது வரியைத் தொடவே தொடாது, ஆகவே உள்ளே தப்பித்தவறி ஒரு சதவீதக் குறி இருந்தாலும் பயமில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் இரண்டு கோப்பு என்கிறீர்கள். அங்கேதான் பொறி இருக்கிறது. எல்லா ஹேண்ட்லர்களின் கைக்கும் போவது ஒரே ரெக்கார்ட், நகல் அல்ல. முதல் ஹேண்ட்லரின் வடிகட்டி அதைத் திருத்தினால் இரண்டாம் ஹேண்ட்லருக்கும் திருத்தியதுதான் கிடைக்கும். முழு நம்பர் கோப்பை முதலில் சேர்த்திருந்தால் தற்செயலாகச் சரியாக ஓடும். ஆறு மாதம் கழித்து யாரோ அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றுவார்கள், அன்றைக்குக் கணக்கருக்கு நட்சத்திரம்தான் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் பைத்தான் 3.12-இல் வடிகட்டி ஒரு புதிய ரெக்கார்டையே திருப்பித் தரலாம் என்று மாற்றினார்கள். ஹேண்ட்லரில் மாட்டியிருந்தால் அந்த நகல் அந்த ஹேண்ட்லருக்கு மட்டும். இணையத்தில் அந்த உதாரணத்தைப் பார்த்து அப்படியே எடுத்துவிடாதீர்கள்! உங்களுடையது 3.10. அங்கே திருப்பிய மதிப்பு உண்டா இல்லையா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். மறைத்த நகலைத் திருப்பினால் "சரி, உண்டு என்கிறான்" என்று எடுத்துக்கொண்டு, மறைக்காத மூல ரெக்கார்டை எழுதிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

உங்களுக்கு என் ஆலோசனை, வடிகட்டியை விட்டுவிடுங்கள். ஒரு வரி போகலாமா கூடாதா என்று சொல்ல வடிகட்டி. வரி எப்படித் தெரிய வேண்டும் என்பது ஃபார்மேட்டரின் வேலை. லாகிங்கின் ஃபார்மேட்டரிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து, ஃபார்மேட் என்ற ஒரே முறையை மட்டும் மேலெழுதுங்கள். உள்ளே பெற்றோர் வகுப்பின் ஃபார்மேட்டைக் கூப்பிட்டால் அச்சுக்குப் போகும் முழு உரையும் கையில் கிடைக்கும். அதில் நம்பரை மறைத்துத் திருப்புங்கள். நாலு வரி வேலை. வெளியே போகும் கோப்பின் ஹேண்ட்லருக்கு இந்த ஃபார்மேட்டர், உள்ளே இருக்கும் கோப்புக்குச் சாதாரண ஃபார்மேட்டர். ரெக்கார்டை யாரும் தொடவில்லை, எனவே வரிசையைப் பற்றிக் கவலையில்லை.

இதில் நீங்கள் கேட்காத ஒரு நன்மையும் உண்டு. கேட்வே கிடைக்காத நேரத்தில் ரிக்வெஸ்ட்ஸ் ஒரு பிழையை எறியும் அல்லவா? "முயற்சிகளின் எல்லை கடந்தது, முகவரி இன்னது" என்று அந்தப் பிழையின் உரைக்குள்ளேயே கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் இருக்கும். தம்பி அதைப் பிடித்து எக்செப்ஷன் என்று லாகில் எழுதினால் ட்ரேஸ்பேக்கின் (பிழை வந்த வழியைக் காட்டும் உரை) அடியில் செல் நம்பர் வரும். வடிகட்டி பார்க்கும் நேரத்தில் அந்த ட்ரேஸ்பேக் உரையாகவே மாறியிருக்காது. ஃபார்மேட்டர்தான் அதை உரையாக்கி ஒட்டும். ஆக எம்எஸ்ஜி, ஆர்க்ஸ் இரண்டையும் நீங்கள் எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் அது வடிகட்டிக்குத் தப்பிவிடும். 40 பேருக்குப் போகாத அன்றைய கோப்பை மறுபடி திறந்து பாருங்கள், அங்கே இருக்கும்.

உங்கள் தேடல் வார்ப்பையும் இங்கே எழுதியிருக்கலாம். எங்கே தடுக்கும் என்று ஊகிக்கிறேன்: கேட்வே 91 சேர்த்துக் கேட்கிறதா?

---

செக்கிங்மேசை (ஞாயிறு, இரவு 8:40)

கேட்கிறது. 91-ஐ ஒட்டியே 12 இலக்கமாக அனுப்புகிறோம். என் வார்ப்பு: சொல் எல்லை, 6 முதல் 9 வரை ஓர் இலக்கம், பிறகு 9 இலக்கங்கள், சொல் எல்லை. 40 பேர் கோப்பைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே ட்ரேஸ்பேக்கின் கடைசி வரியில் நம்பர்.

---

பழையபாம்பு (ஞாயிறு, இரவு 8:52)

91-க்கும் அடுத்த இலக்கத்துக்கும் நடுவில் சொல் எல்லை கிடையாது, இரண்டும் இலக்கம்தானே. அதனால் உங்கள் வார்ப்பு 12 இலக்க எண்ணைப் பார்க்கவே பார்க்காது. சொல் எல்லையை எடுத்துவிடலாம் என்று தோன்றும், எடுக்காதீர்கள். மில்லிநொடியில் எழுதும் 13 இலக்க நேரக்குறியின் வயிற்றில் 7-இல் தொடங்கும் 10 இலக்கம் எளிதாகக் கிடைக்கும், அதையும் தின்றுவிடும். பி.எஃப். யுஏஎன் எண்ணும் 12 இலக்கம்தான், அதன் நடுவிலும் கை வைக்கக்கூடும்.

முன்னால் இலக்கம் இருக்கக் கூடாது. 91 இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. பிறகு 6 முதல் 9-க்குள் ஒன்று. பிறகு 9 இலக்கங்கள். பின்னால் இலக்கம் இருக்கக் கூடாது. முன்பார்வை, பின்பார்வை இரண்டையும் ஆர்இ தொகுப்பு தருகிறது.

---

ஆய்வகத்துப்பெண் (திங்கள், காலை 7:20)

எல்லாரும் மேசையை எங்கே போடுவது என்று பேசுகிறீர்கள். கறையோடு ஏன் தைக்க வேண்டும் அண்ணா?

நான் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் மென்பொருளில் வேலை செய்கிறேன். எங்கள் லாகில் தவறி விழுந்தால் நம்பர் மட்டும் விழாது, இன்னாருக்கு இன்ன சோதனை என்பதும் சேர்ந்து விழும். நாங்களும் முதலில் மறைக்கும் வார்ப்பாகவே எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வாரமும் ஒரு புது வடிவம் வரும்: நடுவில் இடைவெளி விட்ட நம்பர், கோடு போட்ட நம்பர், முகவரிக்குள் போனதால் கூட்டல் குறி சதவீதம்-2பி ஆகிவிட்ட நம்பர். பிடிப்பவன் ஒருவன், வேலியோ நூறு இடத்தில் ஓட்டை. கடைசியில் நம்பரை லாகில் எழுதுவதையே நிறுத்தினோம்.

உங்கள் தொழிலாளிகளுக்கு டோக்கன் நம்பர் இருக்கும்தானே? லாகில் யூனிட் குறியும் டோக்கன் நம்பரும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். கணக்கரிடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, டோக்கனைக் கொண்டு நம்பரை அவரே பார்த்துக்கொள்வார். உங்கள் இரண்டாவது கோப்புக்குத் தேவையே இல்லாமல் போகும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, முழு நம்பர் கோப்பு என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குக் காவல் இருப்பானேன்?

யுஆர்எல்லிப்3-ஐப் பொறுத்தவரை, அந்தப் பெயருள்ள லாகரின் மட்டத்தை வார்னிங் ஆக்குங்கள். கனெக்‌ஷன்பூல் அதன் குழந்தை, அதற்கென்று மட்டம் இல்லாததால் தானாக அடங்கும். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ரிக்வெஸ்ட்ஸில் மறுமுயற்சியை நீங்கள் இயக்கியிருந்தால், தொடர்பு அறுந்து செய்யும் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் அது வார்னிங் மட்டத்திலேயே முகவரியோடு ஒரு வரி எழுதும். 30-இல் வைத்தாலும் அது வரும். கேட்வே போஸ்ட் முறையை ஏற்குமா என்று கேளுங்கள். ஏற்றால் நம்பர் முகவரியை விட்டு உள்ளடக்கத்துக்குப் போய்விடும், யுஆர்எல்லிப்3-இன் அந்த வரிகளில் உள்ளடக்கம் வராது.

---

இரவுப்பணி (திங்கள், காலை 7:31)

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஃபார்மேட்டரைக் கழற்ற வேண்டாம். நாளைக்குத் தம்பி அவசரத்தில் ஒரு அச்சுவரி சேர்ப்பார், அதில் நம்பர் இருக்கும். வலை கீழே விரித்தே இருக்கட்டும்.

---

ஆய்வகத்துப்பெண் (திங்கள், காலை 7:44)

இருக்கட்டும். ஆனால் வலை எதையாவது பிடித்தால் சத்தம் போட வேண்டும். சத்தமில்லாமல் மறைத்துக்கொண்டே இருந்தால் மேலே யாரும் திருந்த மாட்டார்கள். எங்கள் ஃபார்மேட்டர் மறைத்த வரியின் முன்னால் ஒரு குறிச்சொல்லை ஒட்டும், வாரம் ஒருமுறை அதைத் தேடிப் பார்ப்போம்.

---

செக்கிங்மேசை (அடுத்த ஞாயிறு, காலை 8:30)

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சனிக்கிழமைச் சம்பளம் முடிந்தது, ஆகவே செய்ததைச் சொல்கிறேன்.

தங்கை சொன்னபடி லாகில் இனி யூனிட் குறி, டோக்கன் நம்பர் மட்டும். தம்பி முதலில் முனகினான், "டோக்கனை வைத்து எப்படிப் பிழை தேடுவது" என்று. கணக்கர் ஒருவர் டோக்கனைச் சொன்னதும் நோட்டைப் புரட்டாமலேயே ஆளின் பெயரையும் ஊரையும் சொன்னதைப் பார்த்த பிறகு அடங்கினான். முழு நம்பர் கோப்பு கைவிடப்பட்டது. யூனிட்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தும் விட்டேன். இங்கே ஒரு வடிகட்டிக்கு உண்மையான வேலை கிடைத்தது: ஒவ்வொரு கோப்பின் ஹேண்ட்லரிலும் ஒன்று, ரெக்கார்டில் உள்ள யூனிட் குறி தன்னுடையதா என்று பார்த்து, ஆம் என்றால் ட்ரூ. மேசை பேக்கிங் வாசலில்தான்.

யுஆர்எல்லிப்3-ஐ வார்னிங்கில் வைத்தேன். மறுமுயற்சியை நாங்கள் இயக்கவில்லை. போஸ்ட் முறை உண்டா என்று கேட்வேக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதிலில்லை. பழையபாம்பு ஐயாவின் ஃபார்மேட்டரை எல்லா ஹேண்ட்லர்களிலும் போட்டு, மறைத்த வரியின் முன்னால் "கறை" என்று ஒட்டச் சொன்னேன். செக்கிங்கில் நாங்கள் கறைப் பீஸில் சிறு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அந்தப் பழக்கம்.

நேற்று 618 எஸ்எம்எஸ். இரவு "கறை" என்று தேடினேன். மூன்று. மூன்றும் நேரம் கடந்துபோன பிழையின் ட்ரேஸ்பேக், மூன்றிலும் 91-க்குப் பிறகு நட்சத்திரங்கள். அவற்றைப் பிடித்து எழுதும் இடத்தில் பிழையின் வகையை மட்டும் எழுதச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. புதுக் கோப்புகள் சுத்தம். பழைய கோப்புகளை லாக்ரொட்டேட் சுருட்டி 7 ஜிஸெட் கோப்புகளாக வைத்திருக்கிறது, அத்தனையிலும் முழு நம்பர். காலையில் அவற்றை அழித்துவிட்டேன். அப்புறம் அந்தக் கணக்கரை அழைத்து, நான் அனுப்பிய மின்னஞ்சலை நீக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். "அன்றைக்கே நீக்கிவிட்டேன்" என்றார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் நிற்பார்.